குழந்தைக்கு பேட்ஜ் கிடையாது

எதிர்வீட்டுப் பெண் அந்தப் பெரிய ஸ்கேன் கவரோடு படியேறி வந்தபோதே விஷயம் புரிந்துவிட்டது. மூன்று மாதத்துக்கு முன்னால் அவளுடைய ஆறு வயசுப் பையனுக்கு வலிப்பு வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைக் கழற்றும்போதே வலது கை மட்டும் வெட்டி வெட்டி இழுத்திருக்கிறது. வாய் ஒரு பக்கமாகக் கோணிவிட்டது. தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்ததில் மூளையின் இடப்பக்கம் பட்டாணி அளவில் ஒரு புள்ளி தெரிந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்து, ஆறு மாதம் கழித்து மறுபடி ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்க்கவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"மாமா, ஸ்கேன் எடுத்தா பிள்ளைங்களுக்கு கேன்சர் வருமாமே. போன்ல வீடியோ வந்துச்சு. ஒரு தடவ எடுத்தாச்சு, இன்னொரு தடவ வேணவே வேணாம்னு மாமியார் ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. நீங்க எக்ஸ்ரே ரூம்லயே இருந்தவரு. உள்ளதச் சொல்லுங்க."

முப்பது வருஷம் எக்ஸ்ரே டெக்னீஷியனாக இருந்தவன் நான், டாக்டர் இல்லை. ஆனாலும் இதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லி அனுப்ப மனசு வரவில்லை. 'ஒன்னும் ஆகாது, போய் எடு' என்றால் அது முழு உண்மை இல்லை. 'வேண்டாம்' என்றால் அந்தப் பிள்ளைக்குச் செய்கிற துரோகம். உள்ளே குரல் கொடுத்து டீ போடச் சொன்னேன்.

அவளுடைய முதல் கேள்வியே என்னை உலுக்கிவிட்டது. அந்தக் கதிர் பையன் உடம்பில் இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். மூன்று மாதமாகச் சின்னவளை அண்ணன் பக்கத்தில் படுக்கவிடவில்லையாம். இதைத்தான் நான் முதலில் தீர்த்துவைக்க வேண்டியிருந்தது. எக்ஸ்ரே என்பது ஒருவகை ஒளி. டார்ச்சை அணைத்த பிறகு சுவரில் வெளிச்சம் தங்காது. மெஷின் நின்ற கணமே கதிரும் போய்விட்டது. படம் தெளிவாகத் தெரிய ஊசியில் ஏற்றிய காண்ட்ராஸ்ட் மருந்தும் கதிர்வீசும் பொருள் கிடையாது. அது அயோடின் கலந்த மருந்து, சிறுநீரில் வெளியேறிவிடும். இன்றைக்கு ராத்திரியே இரண்டு பிள்ளைகளையும் ஒன்றாகப் படுக்கவை என்றேன்.

கதிர் தங்காது. ஆனால் போகிற வழியில் அது ஏதாவது செய்திருக்கலாம். உயிரணுவுக்குள் இருக்கும் டி.என்.ஏ. இழையை அது சில இடங்களில் அறுக்கும். உடம்பு அதை ஒட்டிச் சரிசெய்துகொள்ளும். தினமும் ஆயிரம் காரணங்களால் அறுபடுவதை ஒட்டிக்கொண்டேதான் நாம் உயிரோடு இருக்கிறோம். மிக அபூர்வமாக ஓர் இழை தப்பாக ஒட்டிக்கொள்கிறது. அந்தத் தப்பு பல வருஷம் கழித்துப் புற்றாகத் தலைகாட்டலாம். 'லாம்' என்கிற இந்த இரண்டெழுத்தின் அளவு என்ன என்பதுதான் விஷயமே.

கதிர் நமக்கு அந்நியமும் இல்லை. எங்கள் ஊர் கோலார் தங்கவயல். தங்கச் சுரங்க ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். "உங்க தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்துல அண்டர்கிரவுண்ட் போனவருதானே?" என்றேன். வானத்திலிருந்து காஸ்மிக் கதிரின் துகள்கள் ராப்பகலாக இறங்கிக்கொண்டே இருக்கின்றன. உள்ளங்கையை மல்லாத்தி நீட்டினால் ஏறக்குறைய நொடிக்கு ஒரு துகள் அதைத் துளைத்துக்கொண்டு போகும். இந்தத் துகள் மழையிலிருந்து ஒதுங்க இடம் தேடித்தான் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்து விஞ்ஞானிகள் நம் சுரங்கத்துக்குள் இறங்கினார்கள். ஆழம் போகப் போகத் துகள்கள் குறைந்தன. அடியாழத்தில் வாரக்கணக்கில் காத்திருந்தும் ஒன்றுகூட வரவில்லை. அந்த அமைதி இருந்ததால்தான் 1965-இல் இரண்டு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோ என்னும் நுண்துகளின் தடத்தை உலகத்திலேயே முதன்முதலாகக் கண்டவர்களின் வரிசையில் அவர்களால் நிற்க முடிந்தது. அத்தனை ஆழம் போனால்தான் வானத்துக் கதிர் விடும் என்றால், மேலே வாழ்கிற நாம் பிறந்த நாள் முதல் அதில் நனைந்துகொண்டுதான் இருக்கிறோம். வானம், மண், மூச்சுக்காற்று, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒருவருக்கு வருஷத்துக்கு உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கிடைக்கிறது.

மில்லிசீவர்ட் என்பது கதிரை அளக்கும் படி. பெரியவர்களுக்கு எடுக்கும் நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று 0.1-ஐத் தாண்டாது. நம்மூர் முதியவர்கள், சுரங்கத் தூசியால் வரும் சிலிகோசிஸுக்காக எடுத்துக்கொண்ட அதே நெஞ்சுப் படம்தான். குழந்தையின் தலைக்கு ஒரு சி.டி. என்றால் சுமார் 2. வயிற்றுக்கு எடுத்தால் இன்னும் அதிகம். எக்ஸ்ரே ஒரு பக்கத்திலிருந்து ஒருமுறை விழுகிற நிழல். சி.டி.யில் அந்தக் குழாய் தலையைச் சுற்றிச் சுற்றி வந்து நூற்றுக்கணக்கான நிழல்களை எடுக்கிறது, கம்ப்யூட்டர் அவற்றைச் சேர்த்து உள்ளே இருப்பதை அப்பளம் அப்பளமாக அடுக்கிக் காட்டுகிறது. கதிரின் அளவு கூடுவதற்குக் காரணம் இதுதான்.

"அப்ப ஒரு வருஷத்துக்கு சும்மாவே கிடைக்கிறதவிடக் கம்மிதானே?" என்று அவள் கேட்டாள். நல்ல கேள்வி. கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கடற்கரையில் மோனசைட் மணலால் இயற்கைக் கதிர் பல மடங்கு அதிகம். அங்கே 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை வருஷம் தொடர்ந்து பார்த்ததில், அந்த மணலின் கதிரால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. 2009-இல் வெளிவந்த முடிவு அது. ஸ்கேனால் ஒன்றுமே ஆகாது என்பவர்கள் எடுத்துக்காட்டுவது இதைத்தான். ஆனால் அந்த மணலின் கதிர் வருஷம் முழுக்கத் தூறலாக உடம்பு முழுக்க விழுவது. ஸ்கேன் சில நொடியில், ஒரே இடத்தில் கொட்டுவது. 2 மில்லிசீவர்ட் என்பது உடம்பு முழுமைக்கும் பகிர்ந்து போட்ட கணக்கு; மூளைக்கு மட்டும் விழுவதை, ஓர் உறுப்பு வாங்கும் கதிரை அளக்கும் படியான மில்லிகிரேயில் தனியாக அளந்தால் 20 முதல் 40 வரை வரும். தூறலில் ஒட்டுவேலை பார்க்க உயிரணுவுக்கு அவகாசம் உண்டு.

அதிலும் குழந்தை. வளர்கிற உடம்பில் உயிரணுக்கள் வேகமாகப் பெருகுகின்றன. பெருகும்போது விழுகிற தப்பு படியெடுக்கப்பட்டுப் பரவும். பெரியவர்களுக்கு மண்டையோட்டில் ரத்தம் ஊறும் மஜ்ஜை கொஞ்சம்தான். சின்னப் பிள்ளைகளுக்கு அதில் கணிசமான பங்கு தலையில்தான் இருக்கிறது. அதனால் தலைக்கு எடுக்கிற ஸ்கேன் மூளையோடு ரத்தப் புற்றுக்கணக்கையும் தொடுகிறது. இன்னொன்று ஆயுசு. எழுபது வயசுக்காரருக்கு இருபது வருஷம் கழித்து வரக்கூடிய ஒன்றைப் பற்றிக் கவலை இல்லை. ஆறு வயசுக்காரனுக்கு முன்னால் அறுபது, எழுபது வருஷம் இருக்கிறது.

'வரலாம்' என்பதன் அளவை முதலில் ஹிரோஷிமா, நாகசாகியில் பிழைத்தவர்களைக் கொண்டுதான் ஊகித்தார்கள். பிறகு ஸ்கேன் எடுத்த குழந்தைகளையே நேரடியாக எண்ணினார்கள். 2012-இல் பிரிட்டனிலிருந்து வந்த ஆய்வு, 1985 முதல் 2002 வரை ஸ்கேன் எடுத்துக்கொண்ட ஏறத்தாழ 1,80,000 இளவயதினரைத் தொடர்ந்தது. அதைவிடப் பெரியது ஒன்பது ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து செய்தது. 2023-இல் முடிவுகள் வந்தன. தலைக்கு ஒருமுறை சி.டி. எடுத்துக்கொண்ட 10,000 குழந்தைகளில், அடுத்த 5 முதல் 15 வருஷத்துக்குள் அந்தக் கதிரால் கூடுதலாக வரக்கூடிய மூளைப் புற்று சுமார் ஒன்று. ரத்தப் புற்று, இன்றைய அளவில் எடுக்கும் ஸ்கேன்களுக்கு, 10,000 பேருக்கு 12 வருஷத்தில் ஒன்றிலிருந்து இரண்டு.

பத்தாயிரம் என்றால் அவளுக்கு எப்படிப் புரியும்? ஒரு மெஷினில் தினமும் மூன்று பிள்ளைகளுக்கு, ஞாயிறு தீபாவளி பாராமல் எடுத்துக்கொண்டே போனால் பத்தாயிரம் சேர ஒன்பது வருஷம் ஆகும் என்றேன். அத்தனை பிள்ளைகளில் ஒருவருக்கோ இருவருக்கோ. அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. டீயை அப்போதுதான் எடுத்துக் குடித்தாள்.

இந்த எண்ணிக்கையில் ஒரு வழுக்கல் உண்டு, அவள் பையன் விஷயத்திலேயே அது இருக்கிறது. வலிப்பு வந்த பிள்ளைக்கு ஸ்கேன் எடுக்கிறோம். இரண்டு வருஷத்தில் மூளையில் கட்டி தெரிகிறது. ஸ்கேனால் வந்த கட்டியா, கட்டியால் வந்த வலிப்புக்கு எடுத்த ஸ்கேனா? இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் ஐரோப்பிய ஆய்வில் மூளைப் புற்றுக்கு முதல் ஐந்து வருஷத்தைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டார்கள். நீக்கிய பிறகும் கதிர் கூடக் கூடப் புற்றும் கூடுவது தெரிந்தது. அதனால்தான் இந்த ஆய்வை நான் மதிக்கிறேன்.

இனி அந்தப் புள்ளிக்கு வருவோம். கவரிலிருந்து ஃபிலிமை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தேன். மண்டையோட்டின் வெள்ளை வளையத்துக்குள், சாம்பல் நிற மூளையில், ஒரு பொட்டு வெள்ளையாக மின்னியது, சுற்றிலும் கறுத்த வீக்கம். இந்தப் பொட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. அது நமக்குப் பக்கத்திலேயே, நம்மூருக்கு அருகிலுள்ள பேத்தமங்களா ஏரியை நிறைக்கிற பாலாறு போகிற திசையில், வேலூரில் எழுதப்பட்டது.

சி.டி. மெஷின் 1971 அக்டோபரில் லண்டனில் முதல் நோயாளியின் தலைக்குள் பார்த்தது. அதற்கு முன் மூளையைப் படம் பிடிக்க, முதுகுத்தண்டு வழியாகக் காற்றை ஏற்றிய கொடுமையெல்லாம் உண்டு. எண்பதுகளில் இந்தியாவில் வலிப்பு வந்தவர்களுக்கு ஸ்கேன் எடுக்க ஆரம்பித்தபோது, குழந்தைகளிலும் இளைஞர்களிலும் இந்தப் பொட்டு அடிக்கடி தெரிந்தது. டி.பி. கட்டி என்று நினைத்தார்கள். மாதக்கணக்கில் டி.பி. மருந்து கொடுத்தார்கள். மறு ஸ்கேனில் பொட்டு காணாமல் போயிருக்கும். மருந்து வேலை செய்தது என்று எல்லோரும் நம்பினார்கள். ஆனால் மருந்து சாப்பிடாதவர்களின் பொட்டும் மறைந்தது. வேலூர் சி.எம்.சி.யில் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் ஆகிய நரம்பியல் அறுவை நிபுணர்களும் அவர்களுடைய சகாக்களும் பொட்டை வெளியே எடுத்துச் சோதித்தபோது, பெரும்பாலானவை செத்துக்கொண்டிருக்கும் நாடாப்புழுக் குஞ்சு என்று தெரிந்தது. 1993-இல் அவர்கள் வெளியிட்ட அளவுகோல் எளிமையானது: பொட்டு ஒன்றே ஒன்றாக, 20 மில்லிமீட்டருக்குள் இருந்து, மூளையை ஒரு பக்கமாகத் தள்ளாமல் இருந்து, நோயாளிக்குக் கைகால் பலவீனம் வளர்ந்துகொண்டே போகாமல், தலைக்குள் அழுத்தம் ஏறாமல், உடம்பில் வேறெங்கும் டி.பி. போன்ற நோய் இல்லாமல் இருந்தால், அது புழுப் பொட்டாகத்தான் இருக்கும். மண்டையைத் திறக்கவேண்டாம், டி.பி. மருந்தும் வேண்டாம், வலிப்பு மாத்திரையோடு கவனித்து வந்தால் போதும் என்றார்கள்.

"நாடாப்புழு பன்னிக்கறியில வர்றதாச்சே, நாங்க அதத் தொடறதே இல்லியே மாமா" என்றாள். தொடவேண்டியதில்லை. நாடாப்புழு வயிற்றில் இருக்கிற ஒரு மனிதரின் மலத்தில் வெளியேறும் முட்டை, கழுவாத கை வழியாகவோ, சரியாகக் கழுவாத கீரை, கொத்தமல்லி வழியாகவோ யார் வாய்க்கும் வரலாம். சுத்த சைவர்களுக்கும் வந்திருக்கிறது.

சி.டி.யைத் திட்டுகிறவர்கள் இந்த வேலூர்க் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பேன். எத்தனையோ பிள்ளைகளை வீண் மருந்திலிருந்தும் கத்தியிலிருந்தும் காப்பாற்றியது இந்தப் படம்தான். ஆனால் இந்த முறையின் உயிரே 'கவனித்து வருவது'. கவனிப்பது என்றால் மறு ஸ்கேன். பொட்டு மறைந்ததா, சுண்ணாம்பாக இறுகிவிட்டதா, வளர்கிறதா என்று தெரியாமல் மாத்திரையை நிறுத்தவும் முடியாது, தொடரவும் முடியாது. மாமியாரிடம் சொல், அந்தப் படம் தேவை என்றேன். எப்படி எடுப்பது என்பதில்தான் நமக்குப் பேச இடம் இருக்கிறது.

கவரின் கடைசியில் எழுத்தும் எண்ணும் மட்டுமே உள்ள ஒரு தாள் இருந்தது. யாரும் பார்க்காத தாள். அதில், ஒரு ஸ்கேனில் விழுந்த மொத்தக் கதிரைக் குறிக்கும் டி.எல்.பி. என்ற தலைப்புக்குக் கீழே இரண்டு வரி: 480, அதற்கடியில் மறுபடி 480. ஒருமுறை எடுத்தோம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். காண்ட்ராஸ்ட் ஏற்றுவதற்கு முன் ஒன்று, ஏற்றிய பின் ஒன்று என்று பிள்ளையின் தலை இரண்டுமுறை மெஷினுக்குள் போய்வந்திருக்கிறது. ஐந்து, ஆறு வயசுத் தலைக்கு இந்த எண்ணை 0.004-ஆல் பெருக்கினால் தோராயமாக மில்லிசீவர்ட் கிடைக்கும். 960-க்கு 3.8. என்ன நோயென்றே தெரியாத முதல் நாளில் இரண்டும் தேவைப்பட்டிருக்கலாம், அதில் நான் குறை சொல்லமாட்டேன். மறுமுறைக்கு இரண்டும் வேண்டுமா, ஒன்று போதுமா என்று டாக்டரைக் கேட்கலாம். எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்றும் கேட்கலாம். அதில் இந்தக் கதிரே கிடையாது. செலவு கூடும், பையன் அரைமணி நேரம் அசையாமல் படுக்கவேண்டும், இல்லாவிட்டால் மயக்க மருந்து தேவைப்படும். சி.டி. சில நொடியில் முடிந்துவிடும். இதையெல்லாம் எடைபோட வேண்டியவர் டாக்டர், ஆனால் கேள்வி தாயின் வாயிலிருந்து வரலாம்.

மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு, அதை என் அனுபவத்திலிருந்து சொன்னேன். தொண்ணூறுகளில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்த்தேன். அறுபது கிலோ ஆளுக்கு என்ன கரண்ட் வைத்தோமோ அதையேதான் மூன்று வயசுப் பிள்ளைக்கும் வைத்தோம். படம் தெளிவாக வந்தது, எல்லோருக்கும் திருப்தி. அண்டாவுக்கு எரிக்கிற தீயைப் பால் குண்டானுக்கு எரிப்பது போன்ற காரியம் அது. சின்ன உடம்பில் கதிரைத் தடுத்துக் கரைக்கச் சதை குறைவு. அதே கதிர் உள்ளுறுப்பில் அதிகமாக விழும். 2001-இல் அமெரிக்காவில் இதை ஆய்வுக் கட்டுரைகளாக எழுதிக் கண்டித்த பிறகுதான் உலகம் விழித்தது. 2008-இல் பிள்ளைகளுக்கு மென்மையாக, அளவாக எடுங்கள் என்று ஓர் இயக்கமே அங்கே தொடங்கினார்கள். இப்போதுள்ள மெஷின்களில் குழந்தைகளுக்கென்று தனி அளவு இருக்கிறது. அதை யாராவது அழுத்தவேண்டும். "பிள்ளைக்கு உள்ள அளவுலதானே சார் எடுக்கறீங்க?" என்று தாய் கேட்டால், அந்தப் பொத்தானை நோக்கி டெக்னீஷியனின் கை தானாகப் போகும். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன், எனக்குத் தெரியும். அன்றைக்கு என்னை யாராவது கேட்டிருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

நம் பக்கத்துத் தப்பும் உண்டு. பிள்ளை கட்டிலிலிருந்து விழுந்து நெற்றி புடைத்து வருவான். அழுது முடித்து பிஸ்கட் தின்றுகொண்டிருப்பான். டாக்டர் ஸ்கேன் வேண்டாம் என்பார். "எடுத்துடுங்க சார், மனசுக்குத் திருப்தியா இருக்கும்" என்று அப்பாவும் தாத்தாவும் மன்றாடுவார்கள். 2009-இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று தலையில் அடிபட்ட 42,412 பிள்ளைகளைப் பார்த்தது. இரண்டு வயசுக்கு மேற்பட்ட பிள்ளை நினைவு தப்பாமல், வாந்தி எடுக்காமல், கடும் தலைவலி இல்லாமல், நிதானம் மாறாமல், மண்டை எலும்பு அடியில் முறிந்த அடையாளம் இல்லாமல், மோசமான விபத்தில் சிக்காமல் இருந்தால், பெரிய மூளைக்காயம் இருக்கும் வாய்ப்பு இரண்டாயிரத்தில் ஒன்றுக்கும் கீழே. அந்தப் பிள்ளையைச் சில மணி நேரம் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே நல்ல வைத்தியம். நிதானம் மாறியிருந்தாலோ, மண்டை எலும்பு அடியில் முறிந்த அடையாளம் இருந்தாலோ ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் ஸ்கேன் எடுக்கவேண்டும், அப்போது புற்றுக்கணக்கு போட்டுக்கொண்டு நிற்கக்கூடாது. மற்ற அடையாளங்களில் ஒன்று இருந்தால், கவனித்துப் பார்ப்பதா ஸ்கேன் எடுப்பதா என்று டாக்டர் முடிவு செய்வார். அவளுக்கு நான் இதைச் சொன்னது சின்னவளுக்காக. அவள் இப்போதுதான் நடக்கப் பழகுகிறாள். இரண்டு வயசுக்குள் இருப்பவர்களுக்கு அடையாளங்கள் கொஞ்சம் வேறு, அதை டாக்டர் பார்ப்பார்.

கிளம்பும்போது என் பழைய பெட்டியிலிருந்து டி.எல்.டி. பேட்ஜை எடுத்துக் காட்டினேன். எக்ஸ்ரே ரூமில் வேலை செய்பவர் சட்டையில் குத்தியிருக்கவேண்டிய சின்ன பிளாஸ்டிக் வில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை அனுப்பி, எங்கள் உடம்பில் எவ்வளவு கதிர் விழுந்தது என்று அளந்து எழுதிவைப்பார்கள். ஐந்து வருஷச் சராசரியில் வருஷத்துக்கு 20 மில்லிசீவர்ட்டைத் தாண்டக்கூடாது. எங்களை அப்படிக் காப்பாற்ற அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, ஒவ்வொரு சி.டி. மெஷினுக்கும் வாரியத்தின் லைசென்ஸ் வேண்டும். மேசைமேல் படுக்கிற குழந்தையின் சட்டையில் யாரும் பேட்ஜ் குத்துவதில்லை. வைத்தியத்துக்காக எடுக்கும் கதிருக்கு இவ்வளவுதான் என்ற வரம்பும் கிடையாது, கிடையாது என்பது நியாயம்தான். உயிர் பிழைக்கப் பத்து ஸ்கேன் தேவைப்பட்டால் பத்தும் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் எத்தனை எடுத்தது என்ற கணக்காவது ஒருவரிடம் இருக்கவேண்டும். கோலாரில் எடுத்தது பெங்களூர் டாக்டருக்குத் தெரியாது. பெங்களூரில் எடுத்த ஃபிலிமை வேலூருக்குப் போகும்போது வீட்டில் மறந்துவிட்டுப் போய், அங்கே புதிதாக எடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

அவள் பேனா கேட்டாள். கவரின் பின்பக்கம் தேதி, ஊர், தலை, 480, 480 என்று எழுதினாள். எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தாள். இரண்டு வயசில் நிமோனியா வந்தபோது நெஞ்சுக்கு இரண்டு எக்ஸ்ரே எடுத்தது நினைவுக்கு வந்தது. மேலே இடம் இல்லை. ஓரத்தில் சின்ன எழுத்தில் அதையும் சேர்த்துக்கொண்டு, சின்னவள் அழுகிற சத்தம் கேட்டு எழுந்து ஓடினாள்.